தாழும் வில் சொல்லும் எடை

“வண்டி பின்னுக்குக் குந்துது பாஸ், இன்னும் ரெண்டு பிளேட் போட்டுக் குடுங்க.” ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துக் கராஜ்களில் இந்த வேண்டுகோளுக்குக் குறைவில்லை. லீக்சும் கரட்டும் ஏற்றும் சிறு லொறிக்காரர் கேட்பார். தோட்டத்துப் பிக்கப்பை ஓட்டுபவர் கேட்பார். பிக்கப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லரைக் கொளுவ நினைப்பவர் கட்டாயம் கேட்பார். பழைய தகடுகளைக் கழற்றி, புதியதைச் சேர்த்து, யூ போல்ட்டை இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. வண்டியின் பின்புறம் நிமிர்ந்துவிடும்.

அந்த நிமிர்வு எதைச் சரிசெய்தது, எதைத் தொடவே இல்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். சமதரையில் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பல வருடங்கள் வண்டி ஓட்டலாம். மலையில் முடியாது.

மலையேறுவதற்கு எடை எவ்வளவு பெரிய தடை என்பதை ரயில் பாதை அமைத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 1867இல் கண்டியை அடைந்த ரயில், ஹட்டனை அடைய 1884 ஆயிற்று. அடுத்த வருடம் நானுஓயாவுக்கு வந்தது. ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடியைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டு, அதற்காக மலைகளைச் சுற்றிச் சுற்றிப் பாதையை நீட்டினார்கள். வீதிகளுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. தோட்டத்துக்குள் போகும் பாதைகளில் பத்து அடிக்கு ஓர் அடி ஏறுவது சாதாரணம். அதாவது, ரயில் சந்திக்கும் சரிவைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அதே பாதையில்தான் பசளை மூட்டை மேலே போகிறது, கொழுந்து கீழே வருகிறது, மெஸி பெர்குசன் டிராக்டர் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்புகிறது. விடுமுறைக்கு முகாம் போடும் டிரெய்லரை இழுக்கும் பிக்கப் இங்கே இன்னும் அரிதுதான். ஆனால் அந்தப் பிக்கப்புக்கும் கொழுந்துப் பெட்டி இழுக்கும் வண்டிக்கும் பௌதிகவியல் ஒன்றே.

முதலில் வில்லைப் பார்ப்போம். பிக்கப்பின் பின்னச்சைத் தாங்குவது பெரும்பாலும் தகட்டு வில். நீளமான உருக்குத் தகடு ஒன்று; அதன் கீழ் அதைவிடக் குட்டையான இன்னொன்று; அதற்கும் கீழ் இன்னும் குட்டையானது. எல்லாவற்றையும் நடுவில் ஒரு சென்டர் போல்ட் கோத்திருக்கும். யூ போல்ட்டுகள் அந்தக் கட்டை அச்சோடு இறுக்கியிருக்கும். மேல்தகட்டின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டவை. முன்வளையம் சேசிஸில் நேரே மாட்டப்பட்டிருக்கும். பின்வளையம் ஷெக்கல் என்ற ஊசலாடும் துண்டில் தொங்கும். சுமை ஏறி வில் நிமிரும்போது அதன் முனைகள் விலகுகின்றன. அந்த விலகலுக்கு இடம் கொடுப்பது ஷெக்கலின் வேலை.

தகடுகள் படிப்படியாகக் குட்டையாவதில் நல்ல சிந்தனை இருக்கிறது. வில்லை வளைக்கும் திருப்பம் நடுவில் உச்சமாகவும் முனையை நோக்கிக் குறைந்து பூச்சியமாகவும் இருக்கும். ஆகவே நடுவில் நிறைய உருக்கும் முனையில் கொஞ்சமும் இருந்தால் போதும். வில் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு தகைப்பைத் தாங்கும், எந்த இடத்திலும் உருக்கு வீணாவதில்லை. 1804இல் இங்கிலாந்தின் ஒபதையா எலியட் குதிரை வண்டிகளுக்கு நீள்வட்ட வில் அமைத்துக் காப்புரிமை பெற்றார். அதன் வழித்தோன்றல்தான் இன்று ஹைலக்ஸின் பின்னாலும் தோட்டங்களில் இன்னும் உயிரோடிருக்கும் பழைய லேண்ட் ரோவர்களின் நான்கு மூலைகளிலும் இருப்பது. கார்கள் சுருள் வில்லுக்கு மாறிய பிறகும் பார வண்டிகள் இதை விடாததற்குக் காரணம் உண்டு. சுமையைத் தாங்குவதோடு அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும், எஞ்சின் அச்சைத் திருகும்போது அந்தத் திருகலை எதிர்ப்பதும் இதே தகடுகள்தான்.

இந்த வில்லின் இன்னொரு வேலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அது எடையைச் சொல்கிறது. வில் தாழும் அளவு சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை 1678இல் ரொபர்ட் ஹூக் வெளியிட்டார். சுமை இரட்டித்தால் தாழ்வும் இரட்டிக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காலங்காலமாகத் தொங்கிய வட்டமுகத் தராசுக்குள் இருப்பதும் இந்த விதிதான்: உள்ளே ஒரு வில், முன்னே ஒரு முள், சுற்றிவர எண்கள். பிக்கப்பின் பின்புறம் அப்படி ஒரு தராசு. மட்கார்ட்டுக்கும் டயருக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் அதன் முள்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். 1,200 மில்லிமீற்றர் நீளம், 60 மில்லிமீற்றர் அகலம், 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஐந்து தகடுகள் கொண்ட வில் ஒன்று. உருக்கின் இயல்பைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு 3.3 கிலோ எடைக்கும் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தாழும். பின்னச்சில் 600 கிலோ ஏற்றினால் பக்கத்துக்கு 300 கிலோ. வில் 90 மில்லிமீற்றர் தாழும். இப்போது இரண்டு தகடு கூட்டுவோம். ஐந்து ஏழாகிறது, வில் 40 சதவீதம் கடினமாகிறது. அதே 300 கிலோவுக்குத் தாழ்வு 64 மில்லிமீற்றர்தான். பழைய வில்லுக்குப் பழகிய கண்ணுக்கு அது 214 கிலோ ஏற்றியதுபோலத் தெரியும்.

மடுவத்துத் தராசில் வில்லை மட்டும் இப்படிக் கடினமாக்கி, முகப்பிலுள்ள எண்களை அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாக்கில் இருப்பது 20 கிலோ. முள் காட்டுவது 14. கொழுந்தின் எடை குறையவில்லை. குறைந்தது முள்ளின் நேர்மை. பிளேட் போட்ட பிக்கப்பிலும் அதுவே நடக்கிறது. அச்சும் பேரிங்கும் டயரும் சேசிஸும் பிரேக்கும் முன்பு தாங்கிய அதே 600 கிலோவைத்தான் தாங்குகின்றன. தெரியாமல் போவது நமக்கு மட்டும்.

எந்தத் தகட்டைக் கூட்டுகிறோம் என்பதும் முக்கியம். வில்லின் கடினம் தகடுகளின் எண்ணிக்கையோடு நேராக உயரும். ஆனால் தடிப்பின் மூன்றாம் அடுக்கோடு உயரும். 7 மில்லிமீற்றர் தகடுகளுக்கு நடுவே பெரிய லொறியிலிருந்து கழற்றிய 10 மில்லிமீற்றர் தகடு ஒன்றைச் சொருகினால், அது ஒன்றே ஏறத்தாழ மூன்று பழைய தகடுகளுக்குச் சமம். மலிவான வழியாகத் தோன்றும். ஆனால் ஒரே அளவு வளையும்போது தடித்த தகட்டின் மேற்பரப்பு மெல்லிய தகட்டின் மேற்பரப்பைவிட அதிகமாக இழுபடுகிறது. இந்த உதாரணத்தில் 43 சதவீதம் அதிகம். ஆகவே பலத்துக்காகச் சேர்த்த தகடுதான் முதலில் முறிகிறது. முறியும் தகடு பாரம் முழுவதையும் ஒரே கணத்தில் மற்றவற்றின் மேல் தள்ளிவிடும். வளைவு விழுந்த தகட்டைக் காஸ் சுவாலையில் சூடாக்கி வளைப்பதும் இதே வகைத் தவறு. வில் உருக்கு, செந்தணலாகச் சூடேற்றி எண்ணெயில் குளிர்த்தி, பிறகு அளவான வெப்பத்தில் பதப்படுத்திச் செய்யப்படுவது. கட்டுப்பாடில்லாத சுவாலை பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பார்வைக்கு வளைவு அழகாக இருக்கும். சில நூறு குழிகளுக்குள் மறுபடி தட்டையாகும், அல்லது வெடிக்கும்.

மலைநாட்டில் இதோடு மழையும் மூடுபனியும் சேர்கின்றன. தகடுகளின் இடுக்கில் தண்ணீரும் மணலும் தங்கித் துரு பிடிக்கிறது. துருவின் சிறு பள்ளங்களில்தான் களைப்பு வெடிப்பு தொடங்கும். தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் வரும் உராய்வு, அளவோடு இருந்தால் நல்லது. துள்ளலை அடக்க ஷொக் எப்சோபருக்கு அது துணை. துருப்பிடித்து இறுகிவிட்டாலோ சிறு அதிர்வுகளுக்கு வில் அசையவே மாட்டாது; கல்பாதையின் ஒவ்வொரு கல்லும் நேரே சேசிஸுக்குப் போகும்.

கடினமான வில்லின் விலையை வெறும் வண்டிதான் அதிகம் கொடுக்கிறது. ஒரு வண்டி நொடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆடும் என்பதை அதன் வில் தாழ்ந்திருக்கும் அளவிலிருந்தே கணக்கிடலாம்: தாழ்வைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் போதும். நம் உதாரண வண்டி வெறுமையாக இருக்கையில் பக்கத்துக்கு 250 கிலோ தாங்குகிறது என்று கொள்வோம். ஐந்து தகட்டில் நொடிக்கு 1.8 ஆட்டம், ஏழு தகட்டில் 2.2. சுமையோடு பழைய வில்லில் 1.2 மட்டுமே. ஆட்டம் வேகமாக ஆக, குழியில் விழுந்த சக்கரம் தரையை விட்டுத் துள்ளுவதும் கூடுகிறது. வளைவில் துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை.

கொழுந்து ஏற்றும் வண்டியில் இது தேயிலையின் தரத்திலும் தெரியும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நீர். இலை நசுங்கினால் அதன் செல்களுக்குள் தனித்தனியே இருந்த நொதியும் பொலிபீனோல்களும் கலந்து, இலை சிவக்கத் தொடங்கும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலருக்குள் நடக்க வேண்டிய அந்த மாற்றம் வழியிலேயே நடந்துவிட்டால் தேநீரின் நிறமும் மணமும் கெடும். குவித்து அழுத்திய கொழுந்து சுவாசித்துச் சூடாவதும் இதோடு சேரும். தலவாக்கலை சென். கூம்ஸில் இருக்கும், 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தேயிலையைப் பற்றி எத்தனையோ ஆய்ந்திருக்கிறது. அந்த அறிவு மலையிலிருந்து ஸ்டோர் வரைக்கும் ஓடும் வண்டியின் வில்லையும் எட்ட வேண்டும். பசளை ஏற்றுவதற்காகக் கடினமாக்கிய அதே வில்லில் இலேசான கொழுந்தை ஏற்றினால், வண்டி ஏறத்தாழ வெறும் வண்டியைப்போலத் துள்ளும். கொழுந்து எடையால் அல்ல, இடத்தால் நிரம்பும் சரக்கு; அதற்கு மென்மையான வில் வேண்டும்.

இனி டிரெய்லர். பெட்டியின் கொளுக்கி பிக்கப்பின் பின்னச்சுக்கு மேலே இல்லை. அதற்குப் பின்னால் ஒரு மீற்றருக்கும் கூடுதலான தூரத்தில் இருக்கிறது. ஆகவே அது ஒரு நெம்புகோல். 1,500 கிலோ பெட்டி, கொளுக்கியில் 150 கிலோ அழுத்துகிறது என்று வைப்போம். பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான அளவு. அதைவிடக் குறைத்தால் பெட்டி வால்போல ஆடத் தொடங்கும். கொளுக்கி பின்னச்சுக்கு 1.2 மீற்றர் பின்னாலும் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 3 மீற்றராகவும் இருந்தால், பின்னச்சில் கூடுவது 150 கிலோ அல்ல, 210. மிச்ச 60 கிலோ முன்னச்சிலிருந்து எடுக்கப்பட்டது. பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் ஏறும்போது 2,000 கிலோ பிக்கப்பின் சொந்த எடை பின்னுக்குச் சாய்வதாலும் பெட்டி பின்னுக்கு இழுப்பதாலும் இன்னும் ஏறத்தாழ 70 கிலோ முன்னச்சை விட்டுப் போகிறது. மொத்தம் 130. ஸ்டியரிங்கைத் திருப்புவது முன்சக்கரங்கள்தான். ஈரமான கொண்டை ஊசி வளைவில் அவற்றின் பிடி இளகுவதை ஓட்டுபவரின் கைகளே உணரும். எதிரே வருபவருக்குத் தெரிவது இன்னொன்று: தூக்கிய மூக்கோடு மூடுபனிக்குள் அவர் கண்ணைக் குத்தும் விளக்கு.

பிளேட் போட்டால் மூக்கு இறங்கும், விளக்கு சரியாகும். முன்னச்சு இழந்த எடை திரும்பி வருமா? வராது. நெம்புகோல் கணக்கில் வில்லின் கடினம் எங்குமே இல்லை. முன்னச்சுக்கு எடையைத் திருப்பித் தருவதற்கென்றே கொளுக்கியில் பொருத்தும் வில்தண்டுகள் உண்டு. அவை வேறு கருவி.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று பின்னச்சின் மேலே, சேசிஸில் ஒளிந்திருக்கிறது. பல பிக்கப்களில், ஹைலக்ஸின் பல மாதிரிகள் உட்பட, சுமையறிந்து பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் ஒரு வால்வு இருக்கும். வால்வு சேசிஸில், அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். வெறும் வண்டியில் பின்சக்கரத்தில் எடை குறைவு. முழு அழுத்தத்தில் பிரேக் பிடித்தால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆகவே வால்வு பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து வைக்கும். சுமை ஏறி உடல் தாழ்ந்தால் கம்பி அசையும். வால்வு திறந்து பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். இந்த வால்வு எடையை அறிவது வில்லின் தாழ்விலிருந்து மட்டுமே. வில்லைக் கடினமாக்கி உடலை நிமிர்த்திவிட்டால், முழுச் சுமையிலும் அது வண்டி பாதி வெறுமை என்றே நம்பும். பின்பிரேக் செய்ய வேண்டிய வேலையையும் முன்பிரேக் சுமக்கும். தகடு கூட்டும் நாளிலேயே அந்தக் கம்பியையும் வண்டிக் கம்பனியின் கைநூல் சொல்லும் அளவுக்குத் திருத்த வேண்டும். தகடு கூட்டச் சொல்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை, கேட்டாக வேண்டும். சக்கரத்தின் வழுக்கலை மின்னணு முறையில் அறிந்து பங்கிடும் புதிய வண்டிகளில் இந்தக் கம்பி கிடையாது.

சுமந்த எடைக்கு முழுக் கணக்கும் தீர்க்கப்படுவது இறக்கத்தில். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கண்டி சுமார் 500. இறம்பொடை வழியாக இறங்கும் 3,500 கிலோ பிக்கப்பும் பெட்டியும் இந்த உயரத்தில் இழக்கும் சக்தி ஏறத்தாழ 47 மெகாயூல். 140 லீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். எஞ்சினும் காற்றும் டயரும் ஏற்காத பங்கு முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிறது. பெட்டிக்குச் சொந்தப் பிரேக் இல்லையென்றால் அதன் பங்கும் பிக்கப்பின் பிரேக்கிலேயே விழும். டொட் 3 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸுக்குக் கீழ் கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரமேறிய எண்ணெய்க்கு அந்த எல்லை 140 பாகைதான். வருடத்தில் பாதி நாள் மூடுபனியில் நிற்கும் வண்டியில் இதை மறக்கக் கூடாது. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும், பெடல் தரையைத் தொடும், பிரேக் இராது. வளைவில் இன்னோர் ஆபத்தும் உண்டு: பின்னாலிருந்து தள்ளும் பெட்டி, கொளுக்கியைப் பக்கவாட்டில் தள்ளி பிக்கப்பையே மடக்கிவிடும்.

இந்த இறக்கங்கள் எப்படிப்பட்டவை என்பதை மலைநாடு துயரத்தோடு அறிந்திருக்கிறது. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்லைக் குறுக்குப் பாதையில் மாணவர்களுடன் சென்ற பேருந்து ஒரு வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள்.

அப்படியானால் பின்வில்லை எப்போதுமே தொடக்கூடாதா? அப்படியில்லை. களைத்துத் தட்டையான வில்லை மாற்றத்தான் வேண்டும். நிரந்தரமாகச் சுமை ஏற்றும் வண்டிக்குக் கூடுதல் கடினம் நியாயமே. என் தெரிவு உதவி வில். அது வெறும் வண்டியில் எதையும் தொடாமல் சும்மா இருக்கும். உடல் ஓரளவு தாழ்ந்த பிறகே வந்து முட்டித் தோள் கொடுக்கும். வெறுமையில் மென்மை, சுமையில் பலம், தாழ்வும் முற்றாக மறைவதில்லை. காற்றுப்பை இன்னும் வசதியானது; தேவைக்கேற்ப ஊதலாம், விடலாம். ஆனால் அது சுமையைச் சேசிஸின் ஒரே புள்ளியில் குவிக்கிறது. காற்றுப்பை பொருத்திக் கனமான பெட்டி இழுத்த பிக்கப்களின் சேசிஸ் வளைந்துபோன அனுபவம் ஆஸ்திரேலியாவில் உண்டு. எதைப் பொருத்தினாலும் வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் பின்னச்சுக்கு எழுதிய எல்லை ஒரு கிலோகூட உயராது.

ஆகவே பெட்டி இழுக்கப் போகிறவர் கராஜுக்குப் போகுமுன் ஒரு தராசுப் பாலத்துக்குப் போகட்டும். பெட்டியைக் கொளுவி, பின்னச்சை மட்டும் பாலத்தில் ஏற்றி, எழுதிய எல்லையோடு ஒப்பிடட்டும். அடுத்த செலவு பெட்டியின் பிரேக்குக்கு. அதற்கடுத்தது புதிய பிரேக் எண்ணெய். பிறகுதான் தகடு, அதோடு சேர்த்து வால்வுக் கம்பி. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டிக்குச் சொந்தப் பிரேக் கட்டாயம். அங்கே சமதரையில் ஓடும் பெட்டிக்கும் அதே சட்டம்தான். அந்த எடைக்கு மேற்பட்ட பெட்டியைச் சொந்தப் பிரேக் இல்லாமல் இறம்பொடை இறக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், வண்டி எவ்வளவு நிமிர்ந்து நின்றாலும்.